மரத்துக்குப் பனியன் போட்டவர்கள்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. மாடிப்படி ஏறி இறங்குவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு. இங்கே எல்லாரும் சுகம். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. இப்போது வீட்டில் எந்த மூலையில் தூசி இருக்கிறது என்று எனக்கே காட்டிக்கொடுக்கிறார்.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பாடப் புத்தகத்தில் ஆலமரத்தைப் ‘பேன்யன் ட்ரீ’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மரத்துக்கு யார் பனியன் போட்டுவிட்டது என்று கேட்டானாமே! நீங்கள் எல்லாரும் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறான் கோமதி. அந்த மரமும் இந்தப் பனியனும் ஒரே சொல்.

குஜராத்தியில் வணிகனை ‘வாணியோ’ என்பார்கள். நம் ‘வணிகர்’ என்ற சொல்லுக்கு உறவுதான். இந்தியில் ‘பனியா’. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன குஜராத்தி வணிகர்களைப் போர்ச்சுகீசியர் ‘பனியன்’ என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். இந்த வணிகர்கள் பாரசீக வளைகுடாக் கரையிலும் குடியிருந்தார்கள். இன்றைக்கு ஈரானில் பந்தர் அப்பாஸ் என்கிற துறைமுகம், அப்போது ஐரோப்பியர் வாயில் கோம்ப்ரூன். அதன் பக்கத்தில் ஒரு பெரிய ஆலமரம். மரத்தடியில் வணிகர்கள் ஒரு சின்னக் கோயிலைக் கட்டிக் கும்பிட்டு வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்த வழியாகப் போன ஐரோப்பியப் பயணிகள் ‘பனியன்களின் மரம்’ என்று அதைக் குறித்துவைத்தார்கள். ஒரே ஒரு மரத்துக்கு வைத்த பெயர், பிறகு அந்த இனத்துக்கே ஆகிவிட்டது. மரத்தைப் பார்த்து வைத்த பெயரே இல்லை, மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து வைத்தது.

சட்டைக் கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வணிகர்கள் போட்டிருந்த தொளதொள அங்கியைப் பார்த்து, வெள்ளைக்காரர்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் தளர்வான மேலங்கிக்கும் ‘பனியன்’ என்று பெயர் வைத்தார்கள். இந்தியாவில் அது சுருங்கிச் சுருங்கி உள்சட்டையாகி, திருப்பூரில் பனியன் கம்பெனியாகி நிற்கிறது. பனிக்கு இதமாகப் போடுவதால் பனியன் என்று நம் தமிழாசிரியை ஒருமுறை சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? அழகான விளக்கம், ஆனால் உண்மை இல்லை. இன்னொன்றும் கேள்: ஆங்கிலேயக் கடற்படையில் மாலுமிகளுக்கு இறைச்சி தராத நாளைப் ‘பனியன் நாள்’ என்பார்களாம். வணிகர்கள் சைவம் அல்லவா, அதனால். அசைவம் கிடைக்காத கடுப்பு அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

அப்புறம் லின்னேயஸ் என்கிற ஸ்வீடன் தாவர அறிஞர் 1753இல் ஆலமரத்துக்கு முறையாக ஃபைகஸ் பெங்காலென்சிஸ் என்று பெயரிட்டார். ஃபைகஸ் என்றால் அத்தி. ஆக, குஜராத்தி வணிகரின் பெயர் ஒரு பக்கம், வங்காளத்தின் பெயர் மறுபக்கம்.

நம்மவர்கள் மரத்தைத்தான் பார்த்தார்கள். வடமொழியில் ‘ந்யக்ரோதம்’ என்றால் கீழ்நோக்கி வளர்வது. சிங்களத்தில் ‘நுக’ என்பது அதிலிருந்து வந்ததுதான். தமிழும் அதையே கவனித்திருக்கிறது. விழுதுக்குச் சங்கப் பாடல்களில் பெயர் ‘வீழ்’. விழுவது வீழ், அவ்வளவுதான். ‘கோளி’ என்று இன்னொரு சொல் இருக்கிறது, அது எனக்கு இன்னும் பிடிக்கும். பூவாமல் காய்க்கும் மரத்துக்கு அந்தப் பெயர். ஆலம்பழத்தைப் பிட்டுப் பார்த்திருக்கிறாயா? பழம் என்று நாம் சொல்வது ஒரு பை மாதிரி, பூவெல்லாம் அதற்குள்ளே பொடிப்பொடியாக இருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பொடிக் குளவி நுனியிலுள்ள துளை வழியாக உள்ளே புகுந்துதான் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் பூவே இல்லை. அதைப் பார்த்துத்தான் கோளி என்றிருக்கிறார்கள்.

இந்தக் கோளியும் வீழும் புறநானூற்றில் 58ஆம் பாட்டில் ஒன்றாக வருகின்றன. சோழனும் பாண்டியனும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறபோது பாடியது. அடிமரம் அழிந்துபோன ஆலமரத்தை விழுதுகள் தாங்கி நிற்பதுபோல, முன்னோர் போனபின் குடியைத் தாங்குகிறவன் என்று சோழனைப் புலவர் சொல்கிறார். கவிஞரின் கற்பனை என்று நினைத்துவிடாதே. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஷிப்பூர் தாவரத் தோட்டத்து ஆலமரத்தில் பூஞ்சை பிடித்து, 1925இல் அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் இன்றைக்கும் விழுதுகளில் நின்றுகொண்டு பரவிக்கொண்டே போகிறது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் 1989 புயலில் அடிமரம் சாய்ந்தது, அங்கேயும் விழுதுகள்தான் மிச்சம். நாம் இரண்டு பேரும் காலேஜ் நாளில் போய் நிழலில் உட்கார்ந்து முறுக்கு தின்றோமே, அதே மரம்தான்.

‘ஆல்’ என்கிற சொல் எங்கிருந்து வந்தது என்றால், ‘அகல்’ என்பதே ஆல் ஆயிற்று, அகன்று பரவுவதால் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரத்தைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுகிற விளக்கம் என்பதாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கன்னடத்திலும் ஆலதான். மலையாளத்தில் பேரால், அரசமரம் அவர்களுக்கு அரயால். தெலுங்கு மட்டும் ‘மர்ரி’ என்று தனி வழி போயிருக்கிறது.

ஆலங்கட்டி மழைக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை என்று பேரனிடம் சொல்லிவை, அடுத்து அதைத்தான் கேட்பான். ஆலம் என்றால் நீர், அது வேறு. நஞ்சுக்கும் ஆலம் என்று பெயர், ஆலகாலம் என்கிறோமே. இந்த இரண்டாவது ஆலம்தான் பெரிய குழப்பக்காரன். குருபெயர்ச்சிக்கு நீ தவறாமல் போகிற ஆலங்குடியையே எடுத்துக்கொள். அங்கே கேட்டால், சிவன் ஆலகால விஷத்தை உண்டு தேவர்களைக் காத்த இடம், அதனால் ஆலங்குடி என்பார்கள். ஆனால் நாம் அங்கே கும்பிடப் போவது தட்சிணாமூர்த்தியை. அவர் உட்கார்ந்திருப்பதோ கல்லால மரத்தடியில்! நஞ்சை உண்டவனும் ஆலின் கீழ் அமர்ந்தவனும் ஒருவனே என்பதால் தமிழுக்கு ஆலத்தை வைத்து விளையாட வசதியாகப் போயிற்று. தேவாரத்தில் அந்தத் தலத்துக்கு இரும்பூளை என்றுதான் பெயர், பூளைச் செடியால் வந்தது. செடியின் பெயர் மறைந்து மரமா நஞ்சா என்று தகராறு வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் மரத்தின் பக்கம்தான் சாய்வேன். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் புராணத்தைவிடக் கண்ணெதிரே நின்ற மரத்தைத்தான் அதிகம் நம்பியிருப்பார்கள்.

ஹவாய்த் தீவுகளில் லஹைனா என்கிற ஊரில் 1873இல் நட்ட ஆலமரம் ஒன்று இருக்கிறது, இந்தியாவிலிருந்து போன கன்று. 2023இல் ஊரே தீயில் எரிந்தபோது கருகியும் பிழைத்துத் துளிர்விட்டது. செய்தியில் அதைப் ‘பேன்யன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பசிபிக் நடுவில் ஒரு குஜராத்தி வணிகன் பெயர், சொல்கிறவர்களுக்கே தெரியாமல்!

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை ஆலங்குடி போகும்போது, கல்லால் என்று எந்த மரத்தைக் காட்டுகிறார்கள் என்று குருக்களைக் கேட்டு எழுது. சாதாரண ஆலமரமா, இச்சி மரமா என்று இலையைப் பார்த்துச் சொன்னாலும் போதும். முடிந்தால் கீழே விழுந்த இலை ஒன்றைக் கடிதத்தோடு வை.

உன் மருமகளுக்கு வேலை மாற்றல் கிடைத்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. பொங்கலுக்கு முந்தின வாரம் அங்கே வரலாம் என்றிருக்கிறோம். அவர் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் ரயிலில்தான் வருவோம். எந்த ரயில் என்று டிக்கெட் எடுத்ததும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
வசந்தா