எலும்பு டாக்டர்கள் சங்கங்களுக்கு: 'ஸ்டெம் செல்' ஊசில என்ன செல் இருக்குன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க

எலும்பு மூட்டு டாக்டர்களோட சங்கங்கள்ல பொறுப்புல இருக்குறவங்களுக்கு வணக்கம்.

எங்க அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சு, ராடு போட்டு, ஒன்பது மாசம் ஆகியும் கூடல. ஒவ்வொரு எக்ஸ்ரேலயும் அதே கறுப்புக் கோடு. அப்ப ஒரு கிளினிக்ல, வயித்துலேர்ந்து கொழுப்பு எடுத்து அதுல ஸ்டெம் செல் (பெருகி வேற வேற திசுவா மாறக்கூடிய மூல செல்) பிரிச்சு உடைஞ்ச இடத்துல ஊசியா போட்டா எலும்பு தானா வளந்துரும்னு சொன்னாங்க, நம்பினோம், போட்டோம், நாலு மாசம் கழிச்சும் கோடு அப்படியே இருந்துச்சு. பலிக்கலங்கறதுக்காக நான் சண்டைக்கு வரல, எந்த வைத்தியமும் எல்லாருக்கும் பலிக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா "அந்த ஊசில என்ன செல் சார் இருந்துச்சு, எத்தனை இருந்துச்சு"ன்னு கேட்டப்ப "ஸ்டெம் செல் தாம்மா"ங்கறதத் தாண்டி ஒரு பதில் வரல. கையெழுத்து வாங்குன கன்சென்ட் ஃபாரம்லயும் அந்த ஒரு வார்த்தை தான். அது எனக்கு ஆறல.

அதுக்கப்புறம் தான் இதப் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். நான் டாக்டர் இல்ல, நீங்க படிச்சதுல கால்வாசி கூட எனக்குத் தெரியாது. ஆனா படிக்கப் படிக்க, இந்த வார்த்தைக்குப் பின்னாடி எவ்வளவு பொறுமையான வேலை இருக்கு, அத எவ்வளவு சல்லிசா விக்கிறாங்கன்னு மனசு கொதிக்குது.

சோவியத் நாட்டுல அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டைன்னு ஒரு விஞ்ஞானி, 1960கள்லயும் 70கள்லயும் செஞ்ச வேலை உங்களுக்குத் தெரியும், ஆனா நோயாளிங்களுக்கு யாரும் சொல்றதில்ல. எலும்பு மஜ்ஜைய எடுத்து லேப் தட்டுல விட்டா ரத்த செல்லுங்க பெரும்பாலும் ஒட்டாது, கொஞ்சமே கொஞ்சம் செல் மட்டும் அடியில ஒட்டிக்கிட்டு பெருகி தனித்தனி காலனியா வளரும், ஒரு காலனிங்கறது ஒரே ஒரு செல்லோட வம்சம். அந்த மாதிரி காலனிய எடுத்து வேற விலங்கோட உடம்புக்குள்ள வச்சப்ப அங்க ஒரு குட்டி எலும்பே உருவாச்சு, உள்ள மஜ்ஜையோட. எலும்பு குடுத்த விலங்கோடது, உள்ள இருந்த ரத்த செல்லு வாங்குன விலங்கோடது. வந்த செல் வீட்டக் கட்டி வச்சிருக்கு, உள்ளூர் ரத்தம் வந்து குடியேறிருக்கு. இதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இதுல முக்கியமான சங்கதி, எல்லா காலனியும் இதச் செய்யல, சிலது தான் செஞ்சுச்சு. தட்டுல ஒட்டுறதாலயோ மைக்ராஸ்கோப்ல ஒரே மாதிரி தெரியறதாலயோ ஒரு செல் எலும்பு கட்டும்னு சொல்லிட முடியாது, உடம்புக்குள்ள வச்சு கட்டுதான்னு பாத்தா தான் உண்டு. இப்ப ஊசி போடுறவங்கள்ல எத்தனை பேர் அந்தச் சோதனைய நினைச்சாவது பாத்திருப்பாங்க?

பேரு தான் எல்லாத்தையும் குழப்பிருச்சுன்னு எனக்குத் தோணுது. 1991-ல அமெரிக்காவுல ஆர்னால்ட் கேப்லன்ங்கற விஞ்ஞானி 'மீசன்கைமல் ஸ்டெம் செல்'னு ஒரு பேர் வச்சாரு, அப்புறம் கொழுப்பு, தொப்புள்கொடின்னு எங்கேர்ந்து எடுத்து தட்டுல ஒட்டுனாலும் அதே பேரு. 2017-ல அதே கேப்லன் இந்தப் பேர மாத்தணும்னு அவரே எழுதுனாரு, இந்த செல்லுங்க அடிபட்ட இடத்துல சில பொருள்களச் சுரந்து அங்க ஏற்கனவே இருக்குற செல்லுங்களுக்கு உதவுது, தானே புதுத் திசுவா மாறுறதில்லன்னு. பேரு வச்சவரே வேணாம்னு சொன்னதுக்கப்புறமும் போர்டுல அதே பேரு தொங்குது. பாவ்லோ பியாங்கோ, பமீலா ரோபின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 'எலும்புக்கூட்டு ஸ்டெம் செல்'னு தனியா சொல்லுங்கன்னு வருஷக்கணக்கா வாதாடுனாங்க, அப்ப யாரும் பெருசா காதுல வாங்கல.

மனுஷனோட எலும்பு ஸ்டெம் செல்லத் தனியாப் பிரிச்சுக் காட்டுறதுக்கு 2018 ஆச்சு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில சார்லஸ் சான், மைக்கேல் லாங்கேக்கர் குழு 2015-ல எலியில கண்டுபிடிச்சத மூணு வருஷம் கழிச்சு மனுஷன்ல காட்டுனாங்க. அந்த ஒத்தை செல்லு எலும்பாவும் குருத்தெலும்பாவும் மஜ்ஜையத் தாங்குற திசுவாவும் மாறுது, கொழுப்பா மட்டும் மாறல. எலும்பு உடைஞ்சா அந்த இடத்துல அது பெருகுது. கொழுப்புத் திசுலேர்ந்தும் அவங்க அந்த செல்ல வரவழைச்சாங்க, அதையும் மறைக்காம சொல்லணும், ஆனா அதுக்கு லேப்ல எலும்பு வளரத் தூண்டுற பிஎம்பி2ங்கற புரதத்தக் குடுத்து மாத்த வேண்டியிருந்துச்சு. எங்கப்பா வயித்துலேர்ந்து எடுத்து ஒரு மணி நேரத்துல கால்ல போட்டது அது இல்ல.

வயசையும் பாருங்க. எங்கப்பாவுக்கு 68. 2021-ல அதே ஸ்டான்ஃபோர்ட் பக்கத்துலேர்ந்து வந்த ஆராய்ச்சி, வயசான எலியோட எலும்பு ஸ்டெம் செல்லே மாறிப் போயிருதுன்னு சொல்லுது, எலும்பு கட்டுறது கொறஞ்சு, எலும்பக் கரைக்கிற செல்லுங்கள வளத்து விடுற சிஎஸ்எஃப்1ங்கற சிக்னல அதிகமா விடுது. இளம் எலியோட ரத்தத்த ஓட விட்டும் அது திரும்பல. பிஎம்பி2-வையும் கூடவே அந்த சிஎஸ்எஃப்1-அக் கொஞ்சமா அடக்குற மருந்தையும் சேத்துக் குடுத்தப்ப தான் வயசான எலிக்கு உடைஞ்சது நல்லா கூடுச்சு. இது எலியில தான், மனுஷனுக்கு வர நாளாகும். ஆனா 68 வயசு ஆளோட சொந்த செல்ல எடுத்து அவருக்கே போட்டா வாலிப எலும்பு மாதிரி கூடிரும்னு சொல்றதுக்கு முன்னாடி இதையாவது ஒரு தடவை யோசிக்க வேணாமா?

முழங்கால் தேய்மானத்துக்குப் போடுறதும் இதே கதை தான். 2023-ல ஒரு பெரிய சோதனை முடிவு வந்துச்சு, 400 பேருக்கு மேல, மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடின்னு மூணு விதமாப் போட்டு சாதா ஸ்டீராய்டு ஊசியோட ஒப்பிட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு வலி கொறையறதுல எதுவும் ஸ்டீராய்ட மிஞ்சல. ஆபத்தே இல்லன்னும் சொல்ல முடியாது, 2018-ல அமெரிக்காவுல தொப்புள்கொடி ரத்தத்துலேர்ந்து செஞ்சத ஊசியா போட்டுக்கிட்ட 12 பேராவது பாக்டீரியா தொற்று வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாங்க.

அப்பாவுக்குக் கடைசியில கூடுச்சு. இன்னொரு டாக்டர் இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் எலும்பச் சொரண்டி எடுத்து உடைஞ்ச இடத்துல வச்சாரு, காலங்காலமா நீங்க செய்யற அதே போன் கிராஃப்ட். அதுல எலும்பு கட்டுற செல்லும் இருக்கு, செல்லுக்கு சிக்னல் குடுக்குற புரதமும் இருக்கு, ஒக்காந்து வளர இடமும் இருக்குன்னு பேப்பர்ல படம் போட்டு விளக்குனாரு. ஸ்டெம் செல்லுங்கற வார்த்தைய அவர் ஒரு தடவை கூட சொல்லல. நாங்க அதுக்கே மொதல்ல போயிருந்தா நாலு மாசம் மிச்சம், அந்த நாலு மாசம் அவர் வாக்கரப் புடிச்சுக்கிட்டு பாத்ரூம் வாசல்ல நின்னத நான் மறக்க மாட்டேன்.

இந்த ஆராய்ச்சிய நிறுத்துங்கன்னு நான் கேக்கல, வேகமா நடக்கணும்னு தான் ஆசை. ஒழுங்கா பதிவு பண்ணி சோதனை நடத்துறவங்களோட பேரும் சேந்து கெடுதே, அது தான் வயித்தெரிச்சல்.

உங்ககிட்ட கேக்குறது ஒரே ஒரு ஃபாரம். உங்க சங்கத்துல இருக்குற யாரு ஸ்டெம் செல்னு சொல்லி ஊசி போட்டாலும், எந்தத் திசுலேர்ந்து எடுத்தது, உசுரோட எத்தனை செல், அது எலும்போ குருத்தெலும்போ கட்டும்னு எந்தச் சோதனையில தெரிஞ்சுச்சு, இது பதிவான ஆராய்ச்சியா இல்ல காசு வாங்கிட்டுப் போடுறதா, இதுக்கு பதிலா செய்யக்கூடிய பழைய வைத்தியம் என்ன, இவ்வளவையும் நோயாளி படிக்கிற மொழியில எழுதிக் குடுத்துட்டு தான் கையெழுத்து வாங்கணும். சோதிக்கலன்னா 'சோதிக்கல'ன்னு எழுதட்டும், அதுவும் நேர்மை தான். எழுதிக் குடுக்க முடியலன்னா அந்த வார்த்தைய போர்டுலேர்ந்து எடுக்கச் சொல்லுங்க, இதுக்கு சட்டம் வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டியதில்ல, உங்க ஆளுங்களுக்கு நீங்களே விதி போடலாம்.

அப்பா கையெழுத்துப் போட்ட ஃபாரம் என்கிட்ட பத்திரமா இருக்கு. நீங்க புதுசா எழுதுறப்ப எதெல்லாம் விட்டுப் போகக் கூடாதுன்னு பாக்க அது உதவும்னா, கிளினிக் பேர மறைச்சு நகல் எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
கால் கூட 17 மாசம் காத்திருந்த ஒருத்தரோட மக