பாதியில் நிறுத்தின படம்

என் அன்பு மகளுக்கு,

சுகமாய் இருக்கிறாயா? நானும் அப்பாவும் தம்பியும் நல்ல சுகம். மூன்று ஞாயிறாய் நீ போன் எடுக்கவில்லை. வேலை கூடவாக்கும் என்று அப்பா சொல்கிறார். சொல்லிவிட்டு லிவர்பூல் வானிலையைப் பார்க்கிறார். அங்கே காற்று சரியான குளிராம். கழுத்துக்குச் சால்வை சுற்றாமல் ஆற்றங்கரைப் பக்கம் போகாதே.

புதன்கிழமை இரவு நித்திரை வராமல் கீழே வந்து தொலைக்காட்சியைப் போட்டேன். ஒரு பழைய படம் தொடங்கியிருந்தது. இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டேன். நீ ஏ லெவல் படித்த வருஷம் நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண்கள் இரண்டு பேரும் மாலுமிகளோடு ஹோட்டலுக்குப் போன இடத்தில் நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேனே, அதே படம். 'லெட்டர் டு பிரெஷ்னேவ்'. நீ ஒன்றும் பேசாமல் மேலே போய்க் கதவைச் சாத்தினாய். இந்த முறை கடைசி வரைக்கும் இருந்து பார்த்தேன்.

1985 இல் வந்த படம். அந்த வருஷம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று அம்மம்மா உனக்குச் சொல்லியிருக்கிறா. அதே காலத்தில் இந்த நாட்டிலும் 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையில்லாமல் இருந்தார்களாம், லிவர்பூலில் நிலைமை இன்னும் மோசமாம். ஏறக்குறைய 4 லட்சம் பவுணில் படத்தை எடுத்து முடித்தார்கள் என்று தம்பி தேடிச் சொன்னான். பிராங்க் கிளார்க் என்பவர் எழுதியிருக்கிறார். அவருடைய கூடப்பிறந்தவள் மார்ஜிதான் அந்தப் பெண்களில் ஒருத்தியான டெரேசாவாய் நடித்தவள். பெண்கள் இருவருக்கும் ஊர் லிவர்பூலுக்குப் பக்கத்துக் கேர்பி (Kirkby). இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் வருகிற 'k' எழுத்தைச் சொல்லக்கூடாது என்று நீ அங்கே போன புதிதில் என்னைத் திருத்தினாய், நினைவிருக்கிறதா?

அந்த டெரேசா கோழிப் பக்டரியில் வேலை செய்கிறவள். அன்றைக்கு இது என் கண்ணில் படவேயில்லை.

எனக்கு அந்த வேலை தெரியும், பிள்ளை. வெள்ளைப் பூட்ஸ், தலைக்கு வலை, இரண்டு கையுறை, ஒன்றுக்குள் ஒன்று. கோழிக்குள் கையை விட்டால் ஐஸுக்குள் விட்ட மாதிரி. பத்து மணிக்குள் விரல் நுனி வெளுத்துவிடும். கையை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்குவேன், மேற்பார்வைக்காரி பார்க்காத நேரம். வீட்டுக்கு வந்து மஞ்சளும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தாலும் மணம் போகாது. நீ என் கையை மணந்து பார்த்து "அம்மா கோழி" என்பாய். ஊருக்கு எழுதின கடிதம் எல்லாவற்றிலும் "கம்பனி வேலை" என்றுதான் எழுதினேன்.

அந்தக் கையோடுதான் டெரேசா வேலை முடிந்து, சாயம் பூசி, சிரித்துக்கொண்டு நகரத்துக்குப் போகிறாள். எனக்கு அப்படி ஒரு இரவு இருக்கவில்லை. அவளைக் கெட்ட பெட்டை என்று உனக்கு முன்னால் சொன்னேன். அது பிழை.

கோயிலில் கேட்கிற ஆட்களுக்கெல்லாம் என் மகள் லிவர்பூலில் நல்ல வேலையில் இருக்கிறாள் என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் எடுத்து "அம்மா, இருக்கிறேன்" என்று சொல்ல அவ்வளவு கஷ்டமா? போன கிழமை மாமி ஒருவர் உன்னைப் படகுத் துறையில் கண்டதாய்ச் சொன்னார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. சால்வை கட்டியிருந்தாயா என்று மட்டும் கேட்டேன்.

படத்துக்கு வருகிறேன். மற்றப் பெண் எலைன், வேலை இல்லாதவள். ஒரே ஒரு இரவு. விடிந்தால் அந்த சோவியத் மாலுமியின் கப்பல் போய்விடுகிறது. அவனைப் பார்க்க வேண்டும் என்று சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கே கடிதம் எழுதிவிடுகிறாள். அந்த மனிதர் 1982 இலேயே இறந்துவிட்டார், படம் வெளிவந்தது அதற்குப் பிறகு. ஆனால் படத்தில் பதில் வருகிறது, மொஸ்கோவுக்கு விமான டிக்கெட்டோடு. வீட்டில் ஒருவருக்கும் விருப்பமில்லை. கடைசியில் வெளியுறவு அலுவலகத்து ஆள் ஒருவன் மரியாதையாய் அவளை இருத்தி வைத்து, "அவனுக்கு ஏற்கெனவே கலியாணம் ஆகிவிட்டது" என்கிறான்.

அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

நீ இரண்டாம் வருஷம் படித்தபோது ஈஸ்டர் லீவுக்கு வந்திருந்தாய். நீ குளித்துக்கொண்டிருந்தாய், உன் போன் குசினி மேசையில் கிடந்து அடித்தது. நான் எடுத்தேன். அந்தப் பொடியன் நல்ல பணிவாய்த்தான் கதைத்தான். உனக்குப் பேச்சு முடிந்துவிட்டது, தை மாதம் கலியாணம் என்று சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு "தாங்க் யூ, ஆன்ட்டி" என்றான். அவன் எடுத்த தடயத்தை போனிலிருந்து அழித்தேன். எப்படி அழிப்பது என்று நீதான் எனக்குக் காட்டித் தந்திருந்தாய்.

அவன் பிறகு எடுக்கவில்லை. ஏன் என்று நீ கேட்டுப் பார்த்தாயோ, ரோஷத்தில் விட்டாயோ, எனக்குத் தெரியாது. நீ சாப்பிடாமல் படுத்துக் கிடந்த அந்த நாட்களில் உனக்கு ரசம் வைத்துத் தந்து, "சில ஆட்கள் அப்படித்தான் பிள்ளை" என்று உன் தலையைத் தடவினேன். தடவின கை இதுதான். அப்பாவுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்ல வாய் வந்திருக்காது.

எலைன் விமானம் ஏறிவிட்டாள். டெரேசா நின்றுவிட்டாள். திங்கட்கிழமை அவள் திரும்ப அந்தக் கோழிகளிடம்தானே போகவேண்டும்! அவளை நினைத்துத்தான் நான் விடியும் வரை அழுதேன்.

என்னோடு கோபித்தால் கோபி. ஏசவேண்டும் என்றால் போனிலேயே ஏசு, நான் வைக்கமாட்டேன். உனக்கு இப்போது யாரையும் பிடித்திருந்தால் எனக்குச் சொல்லவேண்டும் என்றில்லை. சாப்பிடு. சால்வையைக் கட்டு.

தம்பியிடம் பார்சல் கொடுத்துவிட்டிருக்கிறேன். வறுத்த மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, பருத்தித்துறை வடை. வடை இரண்டு பேருக்குக் காணும்.

இப்படிக்கு,
அம்மா