திருவிழாக் கமிட்டி அண்ணன்மாருக்கு: வேப்பமரத்துக் கூம்பைக் கொஞ்சம் இறக்குங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் மாசி, பங்குனியில் காப்புக் கட்டும் விழாக் கமிட்டி அண்ணன்மாருக்கும் மைக் செட் தம்பிகளுக்கும் வணக்கம். திருவிழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, முதல் நாள் பூச்சொரிதலுக்கு நானும் தட்டு எடுக்கிறவள்தான். ஆனால் நான் டியூஷன் எடுக்கிற பிள்ளைகளுக்கு அதே மாதத்தில்தான் பிளஸ் டூ பரீட்சை, வேப்பமரத்தில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியின் சத்தத்தில் அவர்களால் படிக்க முடியவில்லை.

போன வருஷம் ஒரு பெண் விடியற்காலை எழுந்து எழுதிப் பார்த்த இயற்பியல் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'பிளாங்க் மாறிலி' என்று வர வேண்டிய இடத்தில் 'பிளாங்க் மாரி' என்று எழுதி அடித்திருந்தாள், கீழே இன்னொரு தடவையும் அதே தப்பு, அப்போது வெளியே ஓடிக்கொண்டிருந்தது அம்மன் பாட்டு. வெறும் இரைச்சலை விட, சொல்லோடு வருகிற சத்தம்தான் மனப்பாடத்தை அதிகம் கெடுக்கும். நாம் கேட்க நினைக்காவிட்டாலும் அந்தச் சொற்கள் மனசுக்குள் புகுந்து, படித்த வரியைக் குழப்பிவிடும்.

நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டியே மேம்பாலத்து ரயில் ஓடியது. தண்டவாளத்துப் பக்க வகுப்புகளில் படித்த பிள்ளைகள், ஆறாம் வகுப்பு வருவதற்குள் மறுபக்கத்துப் பிள்ளைகளை விட வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பின்தங்கியிருந்ததை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல் கண்டறிந்து எழுதினார். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை அடித்தார்கள், அந்த வித்தியாசமே இல்லாமல் போனது. ரயிலை யாரும் நிறுத்தவில்லை.

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சம்பா அறுத்து உளுந்து தெளித்த வயல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு கிடையாது, மறைப்பு கிடையாது. போதாததற்கு மாசி இரவில் தரை குளிர்ந்து மேல்காற்று சூடாக நிற்கும்போது சத்தம் வானத்துக்குப் போகாமல் வளைந்து கீழேயே இறங்குகிறது. நாலரை மணிக்கு இங்கே போடுகிற பாட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரிலும் கணீரென்று கேட்பது அதனால்தான்.

இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து விதியே இருக்கிறது, சரி, அதைக் காட்டி மிரட்ட நான் இதை எழுதவில்லை. நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமலே நாலு வீதிக்கும் கேட்ட மண் இது! சாமி புறப்பாட்டுக்கு மேளம் தாராளமாக வாசிக்கட்டும். பரீட்சை முடிகிற வரைக்கும் மரத்துக் கூம்பை இறக்கிவிட்டு, பந்தலுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி இரண்டு பாக்ஸ் வையுங்கள், விடியற்காலைப் பாட்டை 6 மணிக்கு மேல் தள்ளுங்கள், அது போதும்.

கமிட்டி அடுத்துக் கூடும்போது எனக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள் அண்ணா. பிள்ளைகளின் பரீட்சை அட்டவணையைக் கையோடு எடுத்துவருகிறேன், எந்தெந்த நாள் என்று உட்கார்ந்து பேசிக் குறித்துக்கொள்ளலாம்.