லைப்ரரியில ரெண்டு பென்டிரைவ் வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு வழக்கமா வந்துட்டிருந்த அப்டேட்டு 2025 அக்டோபர் 14ஓட நின்னு போச்சு, அதுக்கப்புறம் எங்க குலசேகரம் பக்கத்துல நாலஞ்சு பேரு பழைய கம்ப்யூட்டர எடைக்குப் போட்டுரலாமான்னு எங்கிட்ட கேட்டுட்டாங்க. போடாதீங்க, விண்டோஸுக்குப் பதிலா காசில்லாம கெடைக்குற லினக்ஸ் ஏத்துனா இன்னும் பல வருசம் ஓடும்னு சொன்னா, "அத டவுன்லோடு பண்ண எங்க வீட்டுல நெட்டு ஏது"ன்னு பதில் வருது. அந்தப் பதில் எனக்கு நல்லாப் புரியும், ஏன்னா நான் இத டயல்-அப்புல, அதாவது வீட்டு போன் லைன் வழியா வாற மெதுவான நெட்டுல செஞ்சவன்.

2007ல லினக்ஸுல ஒரு வகையான டெபியனோட 4.0 வந்த சமயம், எங்க ஊருக்கு பிராட்பேண்டு வரல. கம்ப்யூட்டர போன் லைனோட இணைக்குற மோடத்துல 56கேன்னு வேகம் போட்டிருக்கும், ஆனா கைக்கு வாறது நொடிக்கு 4 கேபி, ஒரு சிடி 650 எம்பின்னு கணக்குப் போட்டா லைன் ஒருதடவகூட அறுபடாம 46 மணி நேரம் ஓடணும். நடக்குற காரியமா அது. அதனால நெட்இன்ஸ்ட்னு ஒரு சின்ன சிடி உண்டு, 150 எம்பிக்குக் கொஞ்சம் மேல, அடிப்படை சிஸ்டம் மட்டும் இருக்கும், அத எடுக்கலாம்னு ராத்திரி எல்லாரும் ஒறங்குனப்புறம் உக்காந்தேன். பக்கத்து ரூம்ல யாராவது ரிசீவர எடுத்தா போச்சு. துபாயில இருந்து அண்ணன் கூப்பிட்டா எங்கேஜ்டு, மறுநாள் அம்மைக்க கிட்ட ஏச்சு. நம்ம ஊருக்கு மழை வருசத்துல ரெண்டு சீசன், ரப்பர் தோட்டத்து வழியா வாற போன் கம்பியில இடி எறங்குனா மோடம் கருகிரும், அதனால தூரத்துல மின்னினாலே வயர உருவிப் போட்டுருவேன். விட்ட எடத்துல இருந்து தொடர்ற டவுன்லோடு மேனேஜர் இல்லேன்னா ஒண்ணும் நடந்திருக்காது. அஞ்சாவது நாள் விடியக்காலம், ரப்பர் பால்வெட்டுக்கு ஆளு போற நேரத்துலதான் ஃபைல் முழுசா எறங்குச்சு.

எறங்குனதும் சிடியில எழுதிரல. ஃபைல் கெடாம வந்திருக்கான்னு பாக்க டெபியன்காரங்க குடுத்திருந்த எம்டி5ங்குற செக்சம் எண்ணோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாத்தேன், ஏன்னா பாதியில அறுந்து அறுந்து வந்த ஃபைலு கெட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அதுக்கப்புறம்தான் பெரிய சோதனை. எனக்க கம்ப்யூட்டர் உள்ள இருந்தது வின்மோடம், அதாவது மோடம் செய்ய வேண்டிய வேலையில பாதிய விண்டோஸ் டிரைவர் தலையில கட்டிவிட்ட சாதனம், லினக்ஸுக்கு அது மோடமாவே தெரியல. சிஸ்டம் ஏறியாச்சு, நெட்டுக்குப் போக வழியில்ல. ஒரு கூட்டுக்காரன் சீரியல் போர்ட்டுல மாட்டுற வெளி மோடம் ஒண்ணு கடன் தந்தான், அதுல அந்த "கீ..." சத்தம் கேட்டப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. டெஸ்க்டாப்ப நெட்டுல இருந்து எறக்கி ஏத்த ஆப்ட்-கெட்ங்குற கட்டளை போட்டு இன்னும் பல ராத்திரி.

அந்த சமயத்துல இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுக்காரங்க ஷிப்இட்னு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க, கேட்டவங்களுக்கு சிடிய காசில்லாம தபால்ல அனுப்புவாங்க, 2011 வரைக்கும் நடந்துச்சு. நானும் கேட்டிருந்தேன். ஒருநாள் போஸ்ட்மேன் கடல் கடந்து வந்த அந்தக் கவர கையில தந்தாரு. முழு சிடி, போட்ட ஒடனே டெஸ்க்டாப். அத காப்பி எடுத்து கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். இது திருட்டு காப்பி இல்ல, காப்பி எடுத்துக் குடுக்குற உரிமைய லைசென்ஸே தந்திருக்கு, இத எங்க ஊருல நெறைய பேரு இப்பவும் நம்பமாட்டேங்குறாங்க.

அதே மாதிரி ஒரு ஏற்பாடு இப்ப நம்ம மாவட்டத்துல வேணும்னுதான் இந்தக் கடிதம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துலயும் கிளை நூலகங்கள்லயும் புத்தகம் இரவல் குடுக்குற மாதிரி லினக்ஸ் ஏத்துன பென்டிரைவ் ரெண்டு வச்சுக் குடுக்கலாம். டெபியனோட முதல் டிவிடி ஃபைலு 4 ஜிபிக்குள்ள அடங்கும், டெஸ்க்டாப்பும் அதுலயே இருக்கு, ஏத்துறதுக்கு நெட்டே வேண்டாம். டெபியன் 13ல பழைய 32-பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலர் கெடையாது, அதனால ஒரு பென்டிரைவ்ல 13உம் இன்னொண்ணுல 12உம் வச்சாத்தான் எல்லாருக்கும் ஒதவும். போறப்பவும் வாறப்பவும் செக்சம் பாத்துரணும், அத மறக்கப்படாது.

மொபைல்ல நெட்டு இருக்கேன்னு டவுன்ல உள்ளவங்க கேப்பாங்க. பேச்சிப்பாறைக்கு மேல காணி குடியிருப்புகள்ல உள்ள பிள்ளைங்க சிக்னலுக்கு எவ்வளவு தூரம் நடக்குதுன்னு ஒருநாள் போய் பாக்கணும். களியக்காவிளை தாண்டுனா கேரளத்து அரசுப் பள்ளிக்கூடங்கள்ல பல வருசமா லினக்ஸ்லதான் பாடம் நடக்குது. நம்ம அரசு 2011ல தொடங்குன விலையில்லா மடிக்கணினியிலயும் நம்ம நாட்டுல உருவாக்குன பாஸ் (BOSS) லினக்ஸ் இருந்துச்சு, அத தொறந்து காட்டத்தான் பக்கத்துல ஆளில்ல.

நூலகத்துறை அதிகாரிங்க கண்ணுல படுற மாதிரி இத வெளியிட்டா பெரிய ஒதவி. குலசேகரத்துக்கு வேண்டிய ரெண்டு பென்டிரைவையும் நானே வாங்கி ஏத்தித் தாறேன், ஞாயித்துக்கெழம வந்து எப்படி ஏத்துறதுன்னும் சொல்லித் தாறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.