எங்கள் ஊர் அறிவியல் மன்றம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, மன்ற உறுப்பினர்களே, ஜீப்பை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மன்றம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் மின்னேற்றமற்ற மிக நுண்ணிய துகளை ஆராய ஆய்வகம் அமைக்கும் பேச்சு கிளம்பி ஆண்டுகள் பல ஆகின்றன. முதலில் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள். அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி இருந்ததால் 2009-இல் அனுமதி கிடைக்கவில்லை. பிறகுதான் பொட்டிப்புரம் இருக்கும் நம் போடி மேற்கு மலை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம் என்று நீண்டு, 2022-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மன்றம் எந்தப் பக்கம் என்று தீர்மானம் போடச் சொல்லி இந்த ஆண்டும் உறுப்பினர் சிலர் கேட்டார்கள். செயற்குழு மூன்று முறை பேசியது. காடு, நீரூற்று, மேய்ச்சல் நிலம் பற்றி ஊர் எழுப்பும் கேள்விகளும் அறிவியல் கேள்விகளே, அவற்றுக்கும் அளவீட்டோடு பதில் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். அதற்கு முன் நியூட்ரினோ என்றால் என்ன என்பதை ஊரில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவெடுத்தோம். இந்த ஆண்டின் பெரும்பகுதி அதற்கே போனது.

ஜூன் மாதக் கூட்டத்தில் கோலார் தங்கவயல் கதையைச் சொன்னோம். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து வளிமண்டலத்தில் விண்கதிர்கள் மோதிப் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். உலகிலேயே முதலில் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் அதே காலத்தில்தான் பிடித்தது. அந்தத் தங்கவயலில் பாறை வெட்டியவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள். மூத்த உறுப்பினர் ஒருவரின் பாட்டனார் அங்கே கூலியாக இருந்தவர். "தங்கத்துக்குத்தான் தோண்டுனாகன்னு நினைச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. அவர்கள் வெட்டிய ஆழம் இல்லாமல் அந்த ஆய்வே நடந்திருக்காது. ஆய்வுக் கட்டுரைகளில் அந்தக் கூலிகளின் பெயர் இருக்காது. நம் மன்றத்திலாவது அவர்களைச் சொல்லிக்கொண்டே இருப்போம்.

ஆகஸ்டில், கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறை செய்தோம். பழைய மீன் தொட்டி, அடியில் கருப்புத் தகடு, தகட்டுக்குக் கீழே உலர் பனிக்கட்டி, மேலே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணி. அவ்வளவுதான். உலர் பனிக்கட்டியை மதுரையிலிருந்து கொண்டுவருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்ததும், வெள்ளை நூல் இழுத்ததுபோலத் தடங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. அவற்றில் பல, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்னும் நுண்துகள்கள். உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். நியூட்ரினோ இப்படித் தடம் காட்டாது. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நொடிக்குச் சுமார் 6,500 கோடி பாய்கின்றன. ஒன்றுகூட நம்மைத் தொடுவதில்லை என்றே சொல்லிவிடலாம். மியூவான்களின் இரைச்சலைப் பாறையால் தடுத்தால்தான் அபூர்வமாகச் சிக்கும் ஒரு நியூட்ரினோவை இனம் காண முடியும். மலை கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

அன்று நடந்த ஒன்றை இவ்வறிக்கையில் விரிவாகவே பதிய விரும்புகிறேன். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் அக்கா ஒருவர், "இது எங்க உடம்புக்குள்ளயும் போகுதா சார்? மாசமா இருக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாதா?" என்று கேட்டார். மனிதர் பிறந்த நாள் முதல் இவை நம்மைத் துளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன, நியூட்ரினோவால் ஒன்றும் ஆகாது என்று எங்கள் இயற்பியல் ஆசிரியர் விளக்கினார். உடனே பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாததுக்கு இம்புட்டு விளக்கம் சொல்றீக. நெதமும் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறோமே, அந்த மருந்தைப் பத்தி ஒரு கூட்டம் போட்டீகளா?"

போடவில்லை. இத்தனை ஆண்டில் ஒரு கூட்டம்கூடப் போடவில்லை.

ஏலச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பற்றிப் பேசச் செப்டம்பரில் ஏற்பாடு செய்த முதல் கூட்டமும் வீணானது. சனிக்கிழமை மாலை நான்கு மணி என்று நோட்டீஸ் அடித்தோம். நான்கு மணிக்கு அவர்கள் மலையில் இருப்பார்கள். விடியுமுன் கிளம்பும் ஜீப் இருட்டும் நேரத்துக்குத்தான் இறங்கும். நேரம் குறித்தது நான். அந்தத் தவறுக்குப் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு பெண்களுக்கான கூட்டங்கள் எல்லாம் ஞாயிறு காலைக்கு மாற்றப்பட்டன.

அந்த ஞாயிறுகளில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததைவிடக் கேட்டுக்கொண்டதே அதிகம். ஏலக்காய் காய்க்கும் சரம் செடியின் தூரில், தரையோடு கிடக்கும். காய் எடுப்பவர் குனிந்தோ குத்தவைத்தோ ஈரச் செடிக்குள் கையை விட வேண்டும். மருந்து அடிப்பது ஆண்கள். அடித்த ஈரம் காய்வதற்குள் தூருக்குள் போவது பெண்கள். அடித்தவரின் சட்டையை வீட்டில் பிள்ளைகள் துணியோடு ஒரே வாளியில் ஊறப்போட்டுத் துவைப்பதும் பெண்களே. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை முடித்துவைக்கும் ஒரு நொதியை முடக்கும். தலைசுற்றல், வாயில் நீர் ஊறுதல், கண் மங்கல் எல்லாம் அதனால் வரலாம். "பித்தம்" என்று இத்தனை நாள் சுக்குக் காப்பி குடித்துச் சமாளித்தோமே என்றார்கள் சிலர். டப்பாவின் முக்கோணக் குறியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமை இறங்குவரிசையில் இருப்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

துணியைப் பற்றிப் பேசியபோதுதான் பொருளறிவியலின் அருமை எனக்கே புரிந்தது. பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கையில் சுற்றும் பழந்துணி காப்பு என்று நினைத்திருந்தோம். நனைந்துவிட்டால் அதுவே கேடு. நைட்ரைல் கையுறை தடுக்கும். ஆனால் விரல் நுனிக்குக் காய்ப் பக்குவம் தெரியாது, வியர்த்து வழுக்கும், எடுப்பு குறையும். எடுப்பு குறைந்தால் பேச்சு யாருக்கு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். மெல்லிய கையுறையும் முழங்கை வரை பிளாஸ்டிக் உறையும் சேர்த்துச் சிலர் போட்டுப் பார்த்து வருகிறார்கள். இன்னும் சரியான வழி பிடிபடவில்லை. மருந்து அடித்த பகுதிக்கு அன்றே ஆள் இறக்கக் கூடாது என்ற கோரிக்கையைத் தோட்டக்காரர்களிடம் எழுத்தாகக் கொடுத்தோம். சிலர் ஏற்றார்கள். ஒரு தோட்டத்தில் கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு இரண்டு நாள் வேலை மறுக்கப்பட்டது. அந்தக் கூலியை மன்ற நிதியிலிருந்து ஈடுகட்டினோம். அந்தச் செலவுக்குப் பொதுக்குழுவின் பின்னேற்பு தேவை.

ரத்தசோகைப் பரிசோதனை இரண்டு முறை நடந்தது. மகளிர் நாளுக்கு இரு பெண்களைப் பற்றிப் பேசினோம். ஒருவர் நம் மலைக்கு அந்தப் பக்கம் பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி. சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பிறகு வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தவர் அவர். மற்றவர் விபா சௌதுரி. இயற்பியலாளர் டி.எம். போஸுடன் இமயமலைப் பகுதியில் ஒளிப்படத் தட்டுகளை வைத்து விண்கதிர்த் தடங்களைப் படித்தவர். போர்க்காலத்தில் தரமான தட்டு கிடைக்காமல் அந்த வேலை நின்றது. அதே முறையை மேம்பட்ட தட்டுகளில் வளர்த்தெடுத்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் செசில் பவலுக்கு 1950-இல் நோபல் பரிசு. ஒரு கண்ணாடித் தட்டு கிடைக்காததால் நின்றுபோன ஆய்வைப் பற்றிச் சொன்னபோது, கையுறைக் கூட்டங்களுக்கு வந்த பெண்கள் அதை எங்களைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்கள்.

வரும் ஆண்டில் நியூட்ரினோ ஆய்வகக் கருவிக்கு மாதிரியாக மதுரையில் இயங்கும் 85 டன் காந்த இரும்புக் கருவியைப் பார்க்க அனுமதி கேட்டு எழுத உள்ளோம். இங்கே திட்டமிட்டது 50,000 டன். மாதிரியைக் கண்ணால் பார்த்தால் அளவு விளங்கும். ஞாயிறன்றே வைத்துக்கொள்ளலாம். மலைக்குப் போகும் பெண்கள் இருவரைச் செயற்குழுவில் சேர்க்க விதித் திருத்தம் ஒன்றும் இன்று முன்வைக்கப்படுகிறது. பெயர்களை அவர்களே கூடிப் பேசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வறிக்கையை ஏற்று, விதித் திருத்தத்துக்கும் மேற்சொன்ன செலவுக்கும் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்