மாற்றித் தந்த சாமானும் பழுதானால்: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தலைவருக்கும் திருகோணமலை மாவட்ட உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம்.

வாங்கிய சாமான் பழுது என்றால் கடைக்காரர் மாற்றித் தருகிறார். அதில் இப்போது பெரிய தகராறு இல்லை. பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் முதல் மாற்றம் பெரும்பாலும் சிரித்த முகத்தோடேயே நடக்கிறது. மாற்றித் தந்ததும் பழுதாகும்போதுதான் முகம் மாறுகிறது. "இன்னொண்டு மாத்தித் தாறம், காசு மட்டும் கேக்காதேங்கோ" என்ற பதில் வருகிறது. அந்த இரண்டாவது பழுதைப் பற்றியதே இம்மடல்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தை உங்களுக்கு நாங்கள் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மடலை வாங்குபவர்களும் விற்பவர்களும் படிப்பார்கள் என்பதால் 13ஆம் பிரிவை ஒருமுறை சொல்லிவிடுகிறோம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை ஒருவர் விற்றால் நீங்கள் விசாரிக்கலாம். விசாரணையில் குற்றச்சாட்டு சரியென்று கண்டால், நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கும்படியோ உற்பத்தியாளருக்கோ வர்த்தகருக்கோ கட்டளையிட வேண்டும். கட்டளை பதிவுத் தபாலில் போகும். அதற்குப் பணியாதவரிடமிருந்து அந்தத் தொகையை, தண்டப் பணத்தை அறவிடுவது போலவே நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம்.

ஆக, காசைத் திருப்பிக் கொடுப்பது கடைக்காரரின் பெருந்தன்மை அல்ல. சட்டத்திலேயே எழுதியிருக்கும் மூன்று பரிகாரங்களில் ஒன்று அது. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்து வைப்பதால் உங்கள் அதிகாரம் குறைந்துவிடாது. குறை உள்ள பொருளுக்கும் அந்த வரியைக் காட்டி "சட்டப்படி காசு தர முடியாது" என்று சொல்வதை, வாங்குபவரை ஏமாற்றும் நடத்தைக்கும் பொய்யான எடுத்துரைப்புக்கும் எதிரான 30ஆம், 31ஆம் பிரிவுகளின் கீழ் நீங்கள் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

குறை எங்கே என்றால், மூன்று பரிகாரங்களில் எது எப்போது என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதாத இடத்தில் எப்போதும் கடைக்காரருக்குச் செலவு குறைந்த வழியே நடைமுறையாகிவிடுகிறது. அதைவிட மோசமானது நாட்கணக்கு. முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில், உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது அதே 13ஆம் பிரிவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கிண்ணியாவில் இருக்கும் ஒருவர் ஜனவரி 10ஆம் திகதி நகரத்தில் ஒரு பிரிட்ஜ் வாங்குகிறார் என்று வையுங்கள். மாதக் கடைசியில் அது குளிர்வதை நிறுத்துகிறது. முகவரின் திருத்தகம் கொழும்பில். போக 260 கிலோமீற்றர், வர அதே தூரம். லொறி நிறையும் வரை சாமான் கடையின் பின்பக்கத்தில் கிடக்கும். மாற்றுப் பெட்டி பெப்ரவரி முடிவில் வருகிறது. மார்ச் நடுப்பகுதியில் அதுவும் போகிறது. "அடுத்த கிழமை ஆள் வரும்" என்று இரண்டு தடவை சொன்னாலே ஏப்ரல் 10 தாண்டிவிடும். அவர் கச்சேரிப் படியேறும்போது முறைப்பாட்டுக் காலம் முடிந்திருக்கும். இதில் யாரும் வேண்டுமென்று ஏமாற்றத் தேவையில்லை, வழமையான தாமதமே போதும். ஆனால் வேண்டுமென்று செய்பவருக்கும் இதைவிட வசதியான வழி கிடையாது.

மாற்றித் தந்தது ஏன் மறுபடி பழுதாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் காசு யாருக்குச் சேர வேண்டும் என்பது அதில்தான் தங்கியிருக்கிறது.

முதற் காரணம், ஒரே தொகுதியில் வந்த சரக்கு. ஒரே பெட்டியில் வந்த பத்து மின்விசிறியில் ஒன்றின் கண்டென்சர் (மோட்டர் சுற்றத் தொடங்க உதவும் சிறு பாகம்) மட்டமானது என்றால் மற்ற ஒன்பதையும் நம்ப முடியாது. அதே அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுப்பது பழுதைத் தள்ளிப் போடுவதுதான்.

இரண்டாவது, மாற்று என்ற பெயரில் வருவது புதியதாக இல்லாமல், வேறொருவர் திருப்பிக் கொடுத்துத் திருத்திய சாமானாக இருப்பது. பிரிட்ஜில் இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பின்பக்கம் கீழே கம்பிரசரில் வாயு ஏற்றும் ஒரு குட்டையான செம்புக் குழாய் இருக்கும். தொழிற்சாலையில் அதை நசுக்கி ஒட்டி மூடிவிடுவார்கள். அதில் வாயு ஏற்றுகிற வால்வு பூட்டியிருந்தாலோ, பக்கத்தில் இரண்டாவது ஒட்டும் மேலே புதுக் கறுப்புப் பெயின்டும் இருந்தாலோ, அந்தப் பெட்டி ஏற்கனவே திறக்கப்பட்டது. பின்தகட்டு ஆணிகளின் தலையில் பூச்சு உரிந்திருப்பதும் அதே கதைதான். இப்போது வரும் வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஆர்600ஏ என்ற குளிரூட்டும் வாயு சில பத்துக் கிராம்தான் போகும். எவ்வளவு என்பது பெட்டியின் தகட்டிலேயே எழுதியிருக்கும். அதைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். கை நிதானத்தில் ஏற்றினால் மறுபடி குளிராது. ஒழுகிய இடத்தைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பினால் கொஞ்ச நாளில் பழைய நிலைதான்: கம்பிரசர் நிற்காமல் ஓடும், பனி ஒரு மூலையில் மட்டும் பிடிக்கும்.

மூன்றாவது காரணத்தைக் கடைக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள், சிலவேளை உண்மையாகவும் இருக்கும்: வீட்டு மின்சாரம். இலங்கையில் வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட், கூடவோ குறையவோ 6 வீதம். அதாவது 216 முதல் 244 வரை. மின்மாற்றியிலிருந்து தூரத்தில், கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் வீட்டில் மாலையில் இது இறங்கும். ஆனால் "உங்கட வீட்டுக் கரண்ட் சரியில்லை" என்று சொல்பவர் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பிளக்கில் குத்தும் வோல்ட் மீற்றர் விலை கூடியதல்ல. மோட்டர் எடுபடும் நொடியிலும், இரவு 7 மணிக்கும், விடியற்காலையிலும் அளந்து எழுதினால் சண்டை பாதி முடியும். அளவு 216க்குக் கீழே தொடர்ந்து நின்றால் மின்சாரம் வழங்குவோருக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவித்து முறைப்பாட்டு இலக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் கடைக்காரரிடம் காசு கேட்பது நியாயமில்லை.

கிணற்று மோட்டர்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் வாக்குவாதம் தரும் சாமான். அரைக் குதிரைவலு மோட்டரைக் கழற்றினால் குற்றவாளி தெரிந்துவிடும். சீலின் கரிவளையம் கருகி வெடித்திருந்தால் தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள், அது வாங்கியவரின் தவறு. உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் குறைந்த மின்னழுத்தமோ, சுற்ற முடியாமல் இறுகி நின்றதோ காரணம், இங்கே வாதத்துக்கு இடமுண்டு. சுற்றின் மற்றப் பகுதி வார்னிஷ் நிறம் மாறாமல் இருக்க ஒரே ஒரு புள்ளியில் மட்டும் எரிந்திருந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலையில் கம்பி சுற்றும்போதே விட்ட குறை. மோட்டர் உறுமிவிட்டுச் சுற்றாவிட்டால் கண்டென்சரை அளந்து பாருங்கள். 10 மைக்ரோஃபரட் என்று எழுதியிருப்பது 6 காட்டினால் மோட்டரை மாற்றிப் பலனில்லை, அதே மாதிரிக் கண்டென்சர்தான் அடுத்ததிலும் இருக்கக்கூடும். இன்னொன்று, செம்புச் சுற்று என்று சொல்லி விற்பதில் கம்பியின் வார்னிஷை நகத்தளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது அலுமினியம். அப்படியானால் பிரச்சினை பழுது அல்ல, சொன்ன பொருளையே கொடுக்கவில்லை. அதற்கு இரண்டாவது மாற்றம் வரை காத்திருக்கவே வேண்டாம்.

இனி எங்கள் கோரிக்கை. 10ஆம் பிரிவின்படி ஒரு வகை வர்த்தகர்களுக்கு விற்பனை நிபந்தனைகளை விதித்துப் பணிப்புரை வெளியிட உங்களுக்கு அதிகாரம் உண்டு. மின்சாதனம், கைத்தொலைபேசி, நீர்ப்பம்பி விற்பவர்களுக்கு அப்படி ஒரு பணிப்புரை வர்த்தமானியில் வரவேண்டும். மாற்றிக் கொடுத்த பொருளும் உத்தரவாதக் காலத்தில் குறைபட்டால், மூன்றாவது பொருளா காசா என்று தெரிவு செய்பவர் வாங்கியவராக இருக்க வேண்டும். காசு என்றால் காசுதான். அந்தக் கடையிலேயே வேறு சாமான் எடுக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுப்பது காசைத் திருப்பியதாகாது. லொறிக் கூலியை மறுபடி வாங்கியவர் தலையில் கட்டக் கூடாது.

இது ஒன்றும் உலகில் இல்லாத புதுமை அல்ல. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், ஒரே ஒரு திருத்தமோ ஒரே ஒரு மாற்றமோ நடந்த பின்னும் பொருள் சரியில்லை என்றால் வாங்கியவர் அதை நிராகரித்துக் காசைக் கேட்கலாம். முதல் ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று காட்டுவது விற்பவர் பொறுப்பு. அந்த ஆறு மாதத்துக்குள், மோட்டார் வாகனம் தவிர்ந்த பொருட்களுக்கு, "பாவித்ததற்கு" என்று காசில் கழிக்கவும் முடியாது. லண்டனிலிருக்கும் சொந்தக்காரருக்குக் கிடைப்பது இங்கே உப்புவெளியில் இருப்பவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று மக்கள் கேட்கிறார்கள், எங்களிடம் பதில் இல்லை.

நாட்கணக்கைப் பொறுத்தவரை சட்டத் திருத்தம் வரும்வரை நீங்களே செய்யக் கூடியது ஒன்று உண்டு. முதல் பழுதின்போதே எழுத்தில் வரும் முறைப்பாட்டை "கடை மாற்றித் தருகிறதுதானே" என்று திருப்பி அனுப்பாமல் பதிவு செய்து, மாற்றுப் பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரியும்வரை கோவையைத் திறந்தே வையுங்கள். மாற்றுப் பொருளும் போனால் அதே இலக்கத்தில் விசாரணை தொடரும், மூன்று மாதம் என்ற பேச்சே எழாது.

பில் விடயத்திலும் கண்டிப்பு வேண்டும். மாற்றிக் கொடுக்கும் நாளில் புதுப் பொருளின் தொடரிலக்கம், மாற்றிய திகதி, முதற் பொருளில் கண்ட பழுது ஆகிய மூன்றும் எழுதிய தாள் கொடுக்கப்பட வேண்டும். இன்று பழைய வாரண்டி அட்டையில் இலக்கத்தை வெட்டி எழுதுகிறார்கள், அல்லது அதுவும் இல்லை. கைத்தொலைபேசியில் இது ஆபத்து. புதுக் கருவியின் ஐ.எம்.ஈ.ஐ இலக்கம் வேறு, பில்லில் இருப்பது வேறு என்றால் பிறகு "இது எங்கட போனே இல்லை" என்று சொல்லிவிடலாம். வாரண்டி அட்டையில் ஒரு வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு 350 நாள் என்று சின்ன எழுத்தில் போடும் வழக்கத்தையும் ஒருமுறை விசாரியுங்கள். பதினைந்து நாளைக் கழிக்க எந்த நாட்காட்டி பார்த்தார்கள் என்று கேட்டாலே போதும்.

சிறு கடைக்காரர்களின் சங்கடம் எங்களுக்குத் தெரியாததல்ல. காசைத் திருப்பிக் கொடுத்தால் கொழும்பு முகவர் அவர்களுக்குத் திருப்பித் தருவதில்லை, சாமானைத்தான் மாற்றுகிறார். ஆனால் 13ஆம் பிரிவு உற்பத்தியாளரையும் வர்த்தகரையும் சேர்த்தே சொல்கிறது. விசாரணைக்கு இறக்குமதியாளரையும் அழைக்கலாமா என்று சட்டப் பிரிவிடம் கேட்டு அழையுங்கள். கடைக்காரர்களும் முகவரிடம் சரக்கு எடுக்கும்போது, இரண்டாம் பழுதுக்குக் காசு வரவு வைக்கப்படும் என்று ஒரு வரி எழுதி வாங்கலாம்.

பணிப்புரை வரும்வரை வாங்குபவர்கள் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்கிறோம். காசு கட்டும்போதே பில் கேட்டு வாங்குங்கள், தொடரிலக்கத்தை அதில் எழுதுவியுங்கள். கைத்தொலைபேசி என்றால் *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தை, ஐ.எம்.ஈ.ஐ என்ற ஆங்கில எழுத்துகளை முதலில் போட்டு இடைவெளி விட்டு 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று தெரியும். மாற்றுக் கருவிக்கும் மறக்காமல் இதைச் செய்யுங்கள். பழுது கண்டதும் தொலைபேசியில் சொல்வதோடு நிற்காமல் கடைக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போடுங்கள்: எந்தத் திகதியில் வாங்கியது, என்ன பழுது, எத்தனை நாளில் பதில் வேண்டும். இரண்டாவது பழுது என்றால் "மூன்றாவது பொருள் வேண்டாம், கட்டிய தொகையைத் திருப்பித் தரவும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். கடிதத்தில் கேட்காத காசை விசாரணையில் கேட்டால் "இவர் முதலில் மாற்றத்துக்குச் சம்மதித்தவர்" என்ற வாதம் வரும். தவணைக்கு எடுத்த சாமான் என்றால் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள், நிதிக் கம்பனிக்கும் அதே கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது வழி கேட்க உதவும், ஆனால் சட்டம் கேட்பது எழுத்து. தமிழில் எழுதலாம். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பிலேயே உள்ளது. ஆகவே விசாரணை அழைப்பும் கட்டளையும் தமிழில் வரவேண்டும் என்று அதிகாரசபையினரான உங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த மடலின் ஒரு பிரதியை மாவட்டச் செயலாளருக்கும் அனுப்பியிருக்கிறோம். கழற்றிய மோட்டரையோ பிரிட்ஜையோ விசாரணையில் பரிசோதிக்க ஆள் தேவைப்பட்டால் எங்களில் எவரும் கூலியின்றி வரத் தயார். கடைக்காரர் தரப்பிலிருந்து ஒரு திருத்துநரும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
மின்சாதனம் திருத்துவோரும் முறைப்பாடு எழுதிக் கொடுப்போரும்,
திருகோணமலை.