டப்பாவைத் திறப்பதற்கு முன்

ஏற்காடு

அன்புள்ள அமுதாவுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் அழுததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நந்து மூன்று வாய்க்கு மேல் வாங்குவதில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை அவனைவிட ஒரு சாண் உயரம், உன் மாமியார் 'ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறான்' என்று சொல்லிவிட்டார், மாப்பிள்ளை உயரம் வளர்க்கும் மாவு டப்பா வாங்கி வந்துவிட்டார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாய். அவன் எடையை மட்டும் நான் கேட்ட பிறகுதான் சொன்னாய்.

மூன்றேகால் வயதில் 13.2 கிலோ, 95 சென்டிமீட்டர். இரண்டு வயதில் 11 கிலோ இருந்தான். அங்கன்வாடி அட்டையில் குறித்தால், வயதுக்கேற்ற எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள்தான் வருகிறான். முதல் வருடத்தில் பிள்ளையின் எடை மூன்று மடங்காகிவிடும். இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானப்படும்போது பசியும் குறையும். தவிர, நீயும் நானும் என்ன பனைமரமா?

இருபத்தெட்டு வருடம் எஸ்டேட் பிள்ளைகளை எடை போட்ட கை இது. உத்தரத்தில் தராசைக் கட்டி, கால்சட்டை போன்ற அந்தத் துணிப்பைக்குள் பிள்ளையை இறக்கினால், முள் நிற்பதற்குள் ஊரே கேட்கக் கத்தும். காப்பி பறிக்கப் போகும் தாய்மார்கள் 'டானிக் ஏதாவது கொடுங்கள் டீச்சர்' என்று கேட்பார்கள். சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் என்று நான் அடுக்குவேன்.

ஊருக்குச் சொன்ன அந்த வாய்தான் உனக்கு நான்கு வயதில் கடையில் மால்ட் டப்பா கேட்டது. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. நீ சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாய். அந்த இனிப்புப் பாலை மட்டும் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பாய். குடிக்கிறாளே என்று நான் மகிழ்ந்தேன். ஒருநாள் சேலத்தில் மருத்துவர் உன் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்பு பூசிய மாதிரி இருந்தது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிகம் குடித்தால் வயிறு நிறைந்து, இரும்பு தரும் சாப்பாடு உள்ளே போகாது. வீட்டில் பசியைக் கெடுத்ததே நான்தான். பாலை இரண்டு டம்ளராகக் குறைத்து, இரும்பு சிரப் கொடுத்த பிறகுதான் நீ தட்டைத் தேடினாய்.

எல்லாச் சத்து மருந்தும் வீண் என்று சொல்லவில்லை. ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, வாரம் இரண்டு முறை இரும்பு சிரப், பூச்சி மாத்திரை எல்லாம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருவார்கள். விட்டுப்போயிருந்தால் போய்க் கேள். சிரப் கொடுத்தால் மலம் கறுக்கும், பயப்படாதே. புட்டியை மட்டும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் வை. இரும்பு அளவு மீறினால் பிள்ளைக்கு ஆபத்து. எடை இரண்டு மூன்று மாதம் ஏறாமல் நின்றாலோ, நாலைந்து பண்டத்தைத் தவிர எதையுமே வாயில் வைக்காவிட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டு. சத்து மாவு வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், விளம்பரம் சொல்ல வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் போதும், கைப்பேசி வேண்டாம். மூன்று வேளை, நடுவில் இரண்டு தின்பண்டம். எதை, எப்போது என்பது உன் பாடு. எவ்வளவு என்பது அவன் பாடு. கீரையை ஒரே ஒரு கரண்டி வை, எலுமிச்சை பிழிந்து வை. துப்பினால் நாளைக்கும் வை. பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடுவார்கள். வேர்க்கடலையைப் பொடித்துக் கொடு, முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். ஜவ்வரிசிக் கஞ்சியையும் நம்பி உட்காராதே. நம் சேலத்துச் சரக்குதான், ஆனால் அது அத்தனையும் மாவுச்சத்து.

முதல் தேதி காலையில் செருப்பில்லாமல் சுவரோடு சேர்த்து நிறுத்தி அளந்து, எடையையும் எழுதி அனுப்பு. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால், அந்த டப்பாவை அவர் பாலில் கலந்து கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா